வளர்ச்சிசார் குறைபாடு சேவைகளில் இளம் பட்டதாரிகளைத் தலைமைக்குத் தயார்ப்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்றவற்றோடு வாழ்பவர்களுக்கான இல்லங்களுக்கும் பகல் மையங்களுக்கும் வேலைக்கு வரும் இளம் பட்டதாரிகளுக்குப் பயிற்சி தருவது என் வேலை. ஒவ்வொரு அணி வரும்போதும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் எழுகின்றன. பட்டதாரிகள் மட்டுமல்ல, அவர்களை வேலைக்கு எடுக்கும் நிர்வாகிகள், பெற்றோர், பல காலமாக ஷிஃப்டில் நிற்கும் பணியாளர்கள் என எல்லோரும் கேட்டவை இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே போட்டிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல் இருக்க, கேள்விகளுக்கு எண் கொடுத்திருக்கிறேன்.

1. வளர்ச்சிசார் குறைபாடுன்னா எதெல்லாம் அதுக்குள்ள வரும்? ஆட்டிசம் மட்டும்தானா?

இல்லை. பிறப்பிலோ வளரும் பருவத்திலோ தொடங்கி, வாழ்நாள் முழுக்கத் தொடரும் நிலைகள் பலவற்றைச் சேர்த்துச் சொல்கிறோம். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், 21ஆவது குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் எல்லாம் இதில் அடங்கும். ஒருவருக்கே இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பது சாதாரணம். கூடவே வலிப்பும் இருக்கலாம்.

புதிதாக வருபவர்கள் இரண்டு விஷயங்களில் தெளிவாக இருந்தால் போதும். ஒன்று, ஐ.க்யூ. எண்ணை மட்டும் வைத்து யாருக்கும் அறிவுசார் குறைபாடு என்று முடிவு கட்டுவதில்லை. அன்றாட வாழ்க்கையை அவர் எப்படிச் சமாளிக்கிறார், பணம், நேரம், பழக்கவழக்கம், தன் உடம்பைப் பார்த்துக்கொள்வது இதிலெல்லாம் எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதையும் பார்த்தே சொல்ல வேண்டும். இரண்டு, இது மனநோய் அல்ல. ஆனால் இவர்களுக்கும் மனச்சோர்வோ பதற்றமோ வரலாம். அது வந்தால் அதற்கென்று தனியாகச் சிகிச்சை வேண்டும்.

2. இப்பதான் டிகிரி முடிச்சிருக்கேன். அதுக்குள்ள தலைமைப் பொறுப்புக்குப் பயிற்சியா? பத்து வருஷ அனுபவம் வந்தப்புறம் பார்த்துக்கலாமே?

பத்து வருடம் காத்திருக்க இந்தத் துறை உங்களை விடாது. நேரடி உதவிப் பணியாளர்கள் அடிக்கடி வேலையை விட்டுப் போகும் துறை இது. அமெரிக்க மாநிலங்களில் நடத்தும் கணக்கெடுப்புகளில் அந்த விகிதம் ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. ஆள் போகப் போக, இருப்பவர்களில் யார் படித்தவரோ அவர் தலையில் பொறுப்பு வந்து விழும். சேர்ந்த மறுவருடமே ஒரு வீட்டுக்கோ ஒரு வகுப்புக்கோ பொறுப்பாளர் ஆனவர்கள் ஏராளம். பயிற்சி இல்லாமல் அந்த நாற்காலியில் உட்காருபவர், முன்பு இருந்தவர் செய்ததையே செய்வார். அது நல்லதாக இருந்தால் சரி. பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே தலைமை என்பது பதவியோடு வருவதல்ல. நான்கு பேர் வேலை செய்யும் ஒரு காலை ஷிஃப்டில், மற்ற மூவரும் உங்களைப் பார்த்துத் தங்கள் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால், அன்றே நீங்கள் தலைமை தாங்கத் தொடங்கிவிட்டீர்கள்.

3. நான் படிச்சது சமூகப்பணி. கூட இருக்கறவங்க சிறப்புக் கல்வி, பிசியோதெரபி, நர்சிங். எல்லாரையும் ஒரே வகுப்புல உட்கார வெச்சா யாருக்கு என்ன லாபம்?

எல்லோருக்கும் லாபம். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவர் கொஞ்ச நாளாகச் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார். விழுங்குவதில் சிரமமா என்று ஸ்பீச் தெரபிஸ்ட் பார்ப்பார். சக்கர நாற்காலியில் இடுப்பு சரிந்து கழுத்து பின்னால் போகிறதா என்று பிசியோதெரபிஸ்ட் பார்ப்பார். புதிதாகத் தொடங்கிய மாத்திரை பசியைக் குறைத்ததா என்பது நர்சுக்குத் தெரியும். பல் சொத்தையா என்று பல் மருத்துவர் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட நண்பர் வேறு இடத்துக்குப் போய்விட்டதைச் சமூகப்பணியாளர் கவனித்திருப்பார். ஆளுக்கொரு ரிப்போர்ட் எழுதி ஃபைலில் சேர்த்தால் ஐந்து ரிப்போர்ட் இருக்கும், அந்த மனிதர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார். ஒரே மேசையில் உட்கார்ந்து பேசப் பழகியவர்கள் அன்றைக்கே அவருடைய நாற்காலியைச் சரிசெய்து, பல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுவார்கள்.

அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் வழியாக நடக்கும் 'லெண்ட்' என்ற தலைமைப் பயிற்சித் திட்டத்தின் அடிப்படையே இதுதான். 1960களில் தொடங்கிய பல்கலைக்கழக மையங்களிலிருந்து வளர்ந்தது அது. நீண்டகாலப் பயிற்சி பெறுபவர் ஒருவர் குறைந்தது 300 மணி நேரம் அதில் செலவிட வேண்டும். பெற்றோராக இருப்பதையும் குறைபாட்டோடு வாழ்வதையும் அங்கே தனித்தனித் துறை அறிவாகவே வைத்திருக்கிறார்கள். மற்ற எதையும் விட அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

4. முதல் மூணு மாசம் என்ன செய்யச் சொல்வீங்க? நேரா மேனேஜ்மெண்ட் கத்துக்கலாமா?

முதல் மூன்று மாதமும் ஷிஃப்டில் நிற்க வேண்டும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாட்டு நேரம், இரவு ட்யூட்டி எல்லாமே. அதில் ஒரே ஒருவரை உங்கள் ஆளாக எடுத்துக்கொண்டு அவரை நன்றாக அறிய வேண்டும். எந்தச் சத்தம் அவருக்கு ஆகாது, வலித்தால் முகத்தில் எது மாறும், யாரைக் கண்டால் கை தட்டுவார், எந்த நேரத்தில் தனியாக இருக்க விரும்புவார் என்பதெல்லாம் கேஸ் ஃபைலில் இருக்காது.

சட்டைப் பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பணியாளர் ஒருவர் ஆறு பொத்தான்களையும் தானே போட்டுவிட்டால் ஒரு நிமிடம்கூட ஆகாது. சொல்லித்தர வேண்டுமென்றால் முறை வேறு. மேலே ஐந்தையும் நீங்கள் போடுங்கள். கடைசிப் பொத்தானை ஓட்டைக்குள் பாதி நுழைத்து விட்டுவிடுங்கள். மீதியை இழுப்பது அவர் வேலை. அவர் விரல் துணியைத் தடவும், பொத்தானின் ஓரம் நகத்தில் பட்டு நழுவும், மறுபடி தேடும். உங்கள் கை உதவிக்குத் துடிக்கும். மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடம் ஆகலாம். அது பழகியதும் முழுப் பொத்தானையும் அவரிடம் விட்டுவிட்டு, பிறகு கடைசி இரண்டு, அப்புறம் மூன்று என்று மேலே போக வேண்டும். முடிவிலிருந்து தொடங்குவதால் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவர் அவராகவே இருப்பார்.

இதில் தலைமை எங்கே வருகிறது? அந்த நான்கு நிமிடத்தில்தான். ஒரு பணியாளர் காலை ஏழு மணிக்குள் ஐந்து பேரைத் தயார் செய்ய வேண்டும் என்று ட்யூட்டி அட்டவணை போட்டால், எவ்வளவு நல்ல பணியாளரும் ஆறு பொத்தானையும் தானே போட்டுவிட்டு அடுத்தவரிடம் ஓடுவார். நாளைக்கு அந்த அட்டவணையை எழுதப்போவது நீங்கள். ஷிஃப்டில் நின்றவருக்குத்தான் அதில் நான்கு நிமிடம் ஒதுக்கத் தோன்றும். நான் தரும் பயிற்சி முழுவதும் இதைச் சுற்றியே இருக்கிறது.

5. பதினஞ்சு வருஷமா வேலை செய்யுற அக்காவுக்கு நான் என்னத்தச் சொல்லித் தர்றது? "நேத்து வந்த பொண்ணு"ன்னு முகத்துக்கு நேரா சொல்றாங்க.

முதலில் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். மரியாதைக்காகச் சொல்லவில்லை. நான்காவது பதிலில் சொன்ன விவரங்களில் பாதி அந்த அக்காவிடம்தான் இருக்கிறது. "அவர் எரிச்சலாகும் முன்னாடி உங்களுக்கு எப்படிக்கா தெரியுது?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் பெயரிலேயே திட்டத்தில் எழுதுங்கள். பல ஆண்டுகளில் அவரிடம் இப்படி யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு, அறிவுரைக் கூட்டம் வேண்டாம். இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஜிம் மேன்செல் குழுவினர் வளர்த்தெடுத்த நடைமுறைத் தலைமை என்ற அணுகுமுறையைத்தான் நான் நம்புகிறேன். பொறுப்பாளர் அலுவலக அறையில் இருக்காமல் வேலை நடக்கும் இடத்தில் இருப்பார், பணியாளர் செய்வதைப் பார்ப்பார், அங்கேயே கருத்துச் சொல்வார், தேவைப்பட்டால் தானே செய்து காட்டுவார். தனிச் சந்திப்பிலும் குழுக் கூட்டத்திலும் முதல் பேச்சு லீவு, சம்பளம் பற்றி இருக்காது, அங்கே வாழ்பவர்களின் நாள் எப்படிப் போகிறது என்பதாக இருக்கும். புதிய திறன் ஒன்றைப் பணியாளருக்குக் கற்றுத்தர நான்கு படிகள் உண்டு: சொல்வது, செய்து காட்டுவது, அவரைச் செய்யச் சொல்வது, உடனே கருத்துச் சொல்வது. பெரும்பாலான பயிற்சிகள் முதல் படியோடு நின்றுவிடுவதால்தான் பலன் இல்லை.

கருத்துச் சொல்லும்போது, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "நீங்க அவசரப்படுறீங்க" என்றால் சண்டை வரும். "ஸ்பூனை அவர் வாய்கிட்ட கொண்டுபோனப்ப முந்தின வாயை அவர் இன்னும் விழுங்கல அக்கா" என்றால் அவரே அடுத்த முறை தொண்டையைப் பார்ப்பார்.

6. ரிப்போர்ட், மீட்டிங், ஆடிட்டுலயே நாள் போயிடுது. வேலை நடக்கற இடத்துல எப்ப நிக்கிறது?

அட்டவணையில் உங்கள் பெயரையும் போடுங்கள். வாரத்தில் சில மணி நேரம், சாப்பாடு அல்லது மாலை நேரத்தில், நீங்களும் ட்யூட்டியில் இருப்பதாக எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் நடக்காது. எந்தப் படிவத்தை யாரும் திரும்பப் படிப்பதில்லையோ அதை நிறுத்தலாமா என்று மேலிடத்தில் கேளுங்கள். அதைக் கேட்பதும் உங்கள் வேலைதான்.

7. வரலாறு எதுக்கு? இப்ப இருக்கற சட்டத்தைத் தெரிஞ்சுக்கிட்டா போதாதா?

போதாது. சட்டம் ஏன் வந்தது என்று தெரியாதவர், அதைப் படிவம் நிரப்பும் வேலையாகவே பார்ப்பார். நியூயார்க்கின் ஸ்டேடன் தீவில் வில்லோபுரூக் என்ற அரசுப் பள்ளி இருந்தது. பெயரில்தான் பள்ளி, உண்மையில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைத் தங்கவைத்த பெரிய விடுதி. 4,000 பேருக்காகக் கட்டிய இடத்தில் 1960களில் 6,000 பேருக்கு மேல் அடைத்திருந்தார்கள். 1972இல் தொலைக்காட்சிக் கேமரா உள்ளே போய், உடையில்லாமல் தரையில் கிடந்தவர்களைக் காட்டிய பிறகே நாடு அதிர்ந்தது. வழக்கு நடந்து 1975இல் நீதிமன்ற உடன்பாடு வந்தது. அந்த இடத்தை முழுவதும் மூட 1987 ஆயிற்று. அதே காலகட்டத்தில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் பேங்க்-மிக்கெல்சன், பெங்ட் நீர்யே போன்றவர்கள், மற்றவர்களுக்கு இருக்கும் நாள், வாரம், வருடத்தின் தாளம் இவர்களுக்கும் வேண்டும் என்று வாதாடினார்கள். எழுந்து உடை மாற்றி வேலைக்குப் போவது, விடுமுறை, காதல், சொந்தக் காசு எல்லாம் அதில் அடக்கம். 2006 டிசம்பரில் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைவரை அந்த வாதம் வந்து சேர்ந்திருக்கிறது. யாரோடு, எங்கே வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை அதன் 19ஆவது பிரிவு சொல்கிறது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைப்பவர்களுக்கு வின்டர்போர்ன் வியூ. இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே இருந்த, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான, 24 படுக்கைகள் மட்டுமே கொண்ட தனியார் மருத்துவமனை. நவீனக் கட்டடம், ஆய்வுகள், படிவங்கள் எல்லாம் இருந்தன. 2011இல் ரகசியக் கேமராவோடு வேலைக்குச் சேர்ந்த ஒரு செய்தியாளர் எடுத்த படத்தில், பணியாளர்கள் நோயாளிகளை அடித்ததும் தரையில் அழுத்தியதும் தெரியவந்தது. பதினொரு பணியாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள், ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். அங்கே வேலை செய்த ஒரு மூத்த செவிலியர் அதற்கு முன்பே நிர்வாகத்துக்கும் கண்காணிப்பு அமைப்புக்கும் எழுதியிருந்தார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 14ஆவது கேள்வியில் இதற்குத் திரும்ப வருவேன்.

8. அடிக்கிறார், கடிக்கிறார், பொருளைத் தூக்கிப் போடுறார். இப்படிப்பட்டவரை எப்படிக் கட்டுப்படுத்தறது?

கட்டுப்படுத்துவதில் தொடங்காதீர்கள், வலியில் தொடங்குங்கள். பேச்சு இல்லாத ஒருவருக்குத் திடீரென்று நடத்தை மாறினால் பல், காது, வயிறு, மலச்சிக்கல், தூக்கம், வலிப்பு, புது மாத்திரை என்று வரிசையாகப் பாருங்கள். நான்கு நாளாக மலம் கழிக்காதவர் தலையைச் சுவரில் இடிப்பதற்கு நடத்தைத் திட்டம் எழுதிப் பயனில்லை.

உடம்பில் காரணம் இல்லை என்று உறுதியான பிறகு, ஒவ்வொரு முறையும் முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பின்னால் என்ன கிடைத்தது என்று குறித்து வைக்க வேண்டும். சில வாரங்களில் ஒரு வடிவம் தெரியும். கூட்டமான அறையிலிருந்து வெளியே போகவோ, யாராவது பக்கத்தில் வரவோ, பிடிக்காத வேலையை நிறுத்தவோ அவருக்கு அந்த ஒரு வழிதான் பலித்திருக்கிறது. அதே பலனைத் தரும் எளிதான இன்னொரு வழியை, ஓர் அட்டையைக் காட்டுவதையோ கையை உயர்த்துவதையோ, அவருக்குக் கற்றுத்தர வேண்டும். அவர் அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் நாம் உடனே மதிக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியில்தான் பெரும்பாலான திட்டங்கள் தோற்கின்றன. அட்டையைக் காட்டினால் "கொஞ்சம் இருங்க" என்கிறோம், அடித்தால் உடனே ஓடி வருகிறோம்.

ஆளைப் பிடித்து அழுத்துவது, அவருக்கோ மற்றவருக்கோ உடனடி ஆபத்து இருக்கும்போது மட்டும், குறைந்த நேரத்துக்கு. குப்புறப் படுக்கவைத்து அழுத்தியதில் மூச்சு நின்று இறந்தவர்கள் உண்டு. அதை என் பயிற்சியில் ஒரு வழியாகவே நான் சொல்லித் தருவதில்லை. மாத்திரையால் அடக்குவதும் அழுத்துவது போன்றதுதான். இங்கிலாந்தில் தகுந்த மருத்துவக் காரணம் இல்லாமல் மனநோய் மாத்திரைகள் எடுத்துக்கொண்டிருந்த அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் 30,000 முதல் 35,000 பேர் இருக்கலாம் என்று 2015இல் அரசு அமைப்பே மதிப்பிட்டது. அதைக் குறைக்க மறு ஆண்டு ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது.

9. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, "இவங்களுக்கு இப்படித்தான் இருக்கும்"னு திருப்பி அனுப்பிடறாங்க.

எந்த அறிகுறியையும் குறைபாட்டின் மேலேயே போட்டுவிடும் இந்தப் பழக்கத்தால் உயிர்கள் போகின்றன. புதுப் பொறுப்பாளருக்கு இரண்டு பழக்கம் வேண்டும். முதலாவது, "சரியில்ல டாக்டர்" என்று மொட்டையாகச் சொல்லாமல், எந்த நாளில் இருந்து, முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போவது. முந்தைய நிலையோடு ஒப்பிட்டுச் சொன்னால் தள்ளிவிடுவது கடினம். இரண்டாவது, எந்த நிலையில் எது அதிகம் வரும் என்று தெரிந்திருப்பது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டுக் கோளாறு அதிகம், அல்சைமர் மறதிநோய் நாற்பது ஐம்பது வயதுகளிலேயே வரலாம். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். மலச்சிக்கலைச் சாதாரணமாக நினைத்துவிட்டதால் இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

10. பேசவே முடியாதவர்கிட்ட விருப்பத்தை எப்படிக் கேட்கறது? நாங்களே முடிவு பண்ணிடறோம்.

அவர் ஏற்கனவே சொல்லிக்கொண்டிருக்கிறார். தலையைத் திருப்புவது, உடல் இறுகுவது, கண் ஒன்றிலேயே நிற்பது எல்லாம் பதில்தான். இரண்டு பொருள்களைக் கையில் வைத்துக் காட்டுங்கள். காட்டிவிட்டுப் பத்து விநாடி பேசாமல் இருங்கள். நம்மில் பலரும் இரண்டு விநாடியில் நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். பிறகு இடது வலதை மாற்றி மறுபடி காட்டுங்கள். எப்போதும் வலதுகைப் பக்கத்தையே எடுக்கிறார் என்றால் அது விருப்பமா, கை எட்டும் பக்கமா என்று பார்க்க வேண்டும். படப் பலகை, குரல் வரும் கருவி, சைகை எல்லாவற்றையும் ஸ்பீச் தெரபிஸ்டோடு சேர்ந்து முயலுங்கள். அந்தப் பலகை அலமாரியில் இல்லாமல் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு.

ஓர் எச்சரிக்கை. பேச்சில்லாதவரின் கையையோ முழங்கையையோ இன்னொருவர் பிடித்துக்கொண்டு எழுத்துகளைத் தட்டவைக்கும் முறை ஒன்று உண்டு. அதில் வரும் அழகான வாக்கியங்களைப் பார்த்து இளம் பட்டதாரிகள் நெகிழ்ந்துபோவார்கள். 1990களிலிருந்து நடந்த கட்டுப்பாட்டுச் சோதனைகளில், கையைப் பிடித்தவருக்குத் தெரிந்த பதில்தான் வந்தது. எழுதியவர் உதவியாளர்தான், அது அவருக்கே தெரியாமல் நடந்திருந்தது. அமெரிக்கப் பேச்சு மொழி கேட்பியல் சங்கம் 2018இல், இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவித்தது. பெற்றோர் ஆசையோடு கேட்கும்போது மறுக்க மனம் வராது. ஆனாலும் மறுக்க வேண்டும், ஏனென்றால் அந்த மனிதரின் சொந்தக் குரலை அது பறித்துவிடுகிறது.

11. ரிஸ்க் எடுக்க விடணும்னு சொல்றீங்க. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?

ராபர்ட் பெர்ஸ்கி என்பவர் 1972இல் எழுதிய கட்டுரை ஒன்று, ஆபத்தை எதிர்கொள்ளவும் ஒரு மனிதருக்குக் கண்ணியமான உரிமை உண்டு என்றது. அந்தக் கருத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதை அலட்சியத்துக்குச் சாக்காக்கக் கூடாது. விழுங்கச் சிரமப்படுபவரை மேற்பார்வை இல்லாமல் சாப்பிட விடுவது, அவர் தேர்ந்தெடுத்த ஆபத்து அல்ல. வலிப்பு வருபவரைத் தனியாகத் தொட்டியில் குளிக்க விடுவதும் அப்படித்தான். தனியாகப் பேருந்தில் போக ஆசைப்படுவது வேறு. அதில் வழி தவறலாம், யாராவது ஏமாற்றலாம், கூடவே சொந்தமாக ஓர் இடத்துக்குப் போய்வந்த ஒருவர் உருவாகலாம்.

எது தவறாகலாம், அதைக் குறைக்க என்ன செய்தோம், போகவிடாவிட்டால் அவர் எதை இழப்பார் என்று மூன்றையும் எழுதி, அவரும் குடும்பமும் குழுவும் பேசி முடிவெடுங்கள். மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை, கட்டாயம் எழுதுங்கள். பிறகு ஏதாவது நடந்தாலும் பதில் சொல்ல ஒரு ஆவணம் இருக்கும். ஷிஃப்டில் இருந்த ஒரு பணியாளரை மட்டும் பலி கொடுக்கும் நிலை வராது.

12. பெத்தவங்க ஒண்ணு சொல்றாங்க, அவர் வேறொண்ணு கேட்கறார். நான் யார் பக்கம் நிக்கணும்?

வயது வந்தவர் என்றால், அவருடைய விருப்பத்தில் தொடங்குங்கள். ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு சொல்வதும் இதுதான்: முடிவெடுக்கச் சிரமப்படுபவருக்கு உதவி கொடு, அவருடைய முடிவை நீ எடுத்துக்கொள்ளாதே. எளிய சொல்லில், படத்தோடு, ஒரு நேரத்தில் ஒரு விஷயமாக விளக்குவது, முயன்று பார்க்கவிடுவது, அவர் நம்பும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது எல்லாமே அந்த உதவியில் அடங்கும்.

ஆனால் பெற்றோரை எதிர்க்கட்சியாக நினைத்துவிட்டால் எல்லோரும் தோற்போம். நாற்பது வருடம் இரவு விழித்துப் பார்த்தவர்கள் அவர்கள். "வேண்டாம்" என்று அவர்கள் சொல்வதற்குள் பெரும்பாலும் ஒரு பழைய சம்பவமோ, "எங்களுக்குப் பிறகு யார்?" என்ற பயமோ இருக்கும். அந்தச் சம்பவத்தைக் கேட்டு வாங்குங்கள். 11ஆவது பதிலில் சொன்ன ஆவணத்தில் அதையும் எழுதி, அதற்கு என்ன ஏற்பாடு என்று காட்டுங்கள். பயத்துக்கு ஏற்பாடுதான் பதில், உரிமைப் பிரசங்கம் அல்ல. சில குடும்பங்கள் அப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சின்ன அளவில் தொடங்கி அவர்களே பார்க்கும்படி செய்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

13. குறைபாடு உள்ளவங்களே பயிற்சியாளரா இருக்கணும்னு சொல்றீங்க. அறிவுசார் குறைபாடு உள்ளவர் எப்படி வகுப்பு எடுப்பார்?

எடுக்கிறார்கள். 1974இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களே கூடி 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அது பல நாடுகளுக்குப் பரவியது. அவர்கள் வகுப்பில் கற்றுத்தருவது, நாங்கள் எவ்வளவு படித்தாலும் கற்றுத்தர முடியாத ஒன்று. கதவைத் தட்டாமல் அறைக்குள் வரும் பணியாளர், தன்னைப் பற்றித் தன் தலைக்கு மேலே பேசிக்கொள்ளும் இருவர், முப்பது வயதானவரின் கன்னத்தைக் கிள்ளுபவர், இவர்களெல்லாம் தங்களை எப்படி உணரவைக்கிறார்கள் என்பதை அவர்கள் நேராகச் சொல்வார்கள்.

செய்ய வேண்டிய ஏற்பாடுகள் உண்டு. பேசப்போவதை முன்பே சேர்ந்து தயாரிக்க வேண்டும், படங்களோடு கூடிய எளிய குறிப்பு வேண்டும், நேரம் தாராளமாக வேண்டும், மற்றப் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் சம்பளம் அவருக்கும் கொடுக்க வேண்டும். சோகக் கதை சொல்ல அழைத்துவிட்டுக் கைதட்டி அனுப்பினால் அது பயிற்சி அல்ல. பட்டதாரிகளைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலிலும் அவர் உட்கார வேண்டும் என்பது என் கருத்து. யார் தன்னைப் பார்த்துப் பேசினார்கள், யார் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துப் பேசினார்கள் என்று அவர் சொல்வதுபோல் வேறு யாராலும் சொல்ல முடியாது.

14. தப்பு பண்றது எனக்கு மேலே இருக்கறவரா இருந்தா? சொன்னா வேலை போயிடும், சொல்லாம இருந்தா தூக்கம் வரல.

இந்தக் கேள்வியைத் தனியாக, வகுப்பு முடிந்த பிறகுதான் கேட்பார்கள். வின்டர்போர்ன் வியூ செவிலியரை நினைத்துக்கொள்ளுங்கள் (7ஆவது பதில்). அவர் சரியாகத்தான் செய்தார். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. ஆகவே ஒரு கதவை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

பார்த்ததை அன்றே எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், யார் என்ன செய்தார், யார் யார் இருந்தார்கள். ஊகம் வேண்டாம். அடிபட்டவருக்குச் சிகிச்சையும் பாதுகாப்பும் முதலில். எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். பதில் வராவிட்டால் நிறுவனத்துக்கு வெளியே யாரிடம் போகலாம் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும், பிரச்சினை வந்த இரவில் தேடக் கூடாது. என் பயிற்சியில் இதை ஒத்திகையாகவே செய்யவைக்கிறேன். ஒருவர் மேலதிகாரியாக உட்கார்ந்து, "பெரிசு பண்ணாதீங்க" என்பார். எதிரில் நிற்பவர் குரலை உயர்த்தாமல், எழுதியதைப் படித்து, எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்று கேட்க வேண்டும். முதல் முறை எல்லோருக்கும் குரல் நடுங்கும்.

நிர்வாகிகளுக்கும் ஒன்று: உங்கள் இடத்தில் நீண்ட காலமாக ஒரு புகாரும் வரவில்லை என்றால் பெருமைப்படாதீர்கள், போய்ப் பாருங்கள்.

15. பயிற்சி பலிச்சுதான்னு எப்படித் தெரியும்? எல்லாரும் தேர்வுல நல்லாதானே எழுதறாங்க?

தேர்வுத்தாளில் தெரியாது. அந்த வீட்டுக்குப் போய் ஒரு மாலை உட்கார வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, அங்கே வாழும் ஒருவர் அந்தக் கணத்தில் ஏதாவது செய்துகொண்டிருக்கிறாரா, யாருடனாவது இருக்கிறாரா, சும்மா உட்கார்ந்திருக்கிறாரா என்று குறிக்க வேண்டும். பணியாளர்கள் ஓடி ஓடி வேலை செய்யும் வீட்டில்கூட, வாழ்பவர்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை இந்தக் காகிதம் காட்டிவிடும். பெரிய விடுதிகளை மூடிச் சின்ன வீடுகளுக்கு ஆட்களை மாற்றியபோது நடந்த ஆய்வுகளும் இதையே சொன்னன. வீடு சின்னதானால் மட்டும் வாழ்க்கை மாறிவிடாது, பக்கத்தில் இருக்கும் பணியாளர் எப்படி உதவுகிறார் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது.

பயிற்சிக்கு முன்பு ஒரு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை இப்படிக் குறித்துப் பார்த்தால் போதும். கூடவே, அந்த வீட்டிலிருந்து பணியாளர்கள் விலகுவது குறைந்ததா என்றும் பாருங்கள்.

16. எனக்கே முடியல. ரெண்டு வருஷம் ஆச்சு, விட்டுடலாம்னு தோணுது. தப்பா?

தப்பில்லை. முதலில் ஒன்றைச் சரிபாருங்கள்: உங்கள் வேலையைப் பற்றி உங்களோடு மாதம் ஒரு முறையாவது உட்கார்ந்து பேச யாராவது இருக்கிறார்களா? பணியாளர்களைத் தாங்கச் சொல்லும் நிறுவனங்கள், பொறுப்பாளரைத் தாங்க யாரையும் வைப்பதில்லை. அப்படி ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே கிடைக்காவிட்டால், வேறு இடத்தில் இதே வேலையில் இருப்பவரோடு பேசுங்கள். உங்களோடு பயிற்சி எடுத்தவர்கள் அதற்காகத்தான். இரவு ட்யூட்டிக்கு ஆள் வராத நாளெல்லாம் நீங்களே நிற்கிறீர்கள் என்றால் அது அர்ப்பணிப்பு அல்ல, ஆள் பற்றாக்குறை. அதை எண்ணிக்கையோடு எழுதி மேலே அனுப்புங்கள்.

அதற்குப் பிறகும் போகத்தான் வேண்டும் என்றால் போங்கள். ஆனால் நான்காவது பதிலில் உங்கள் ஆளாக எடுத்துக்கொண்டவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். வலிக்கும்போது முகம் எப்படி மாறும், எந்தப் பொத்தான்வரை வந்திருக்கிறார், எந்த அட்டையைக் காட்டினால் உடனே எழுந்துபோக விட வேண்டும் என்றெல்லாம். உங்கள் இடத்துக்கு வருபவரோடு ஒரு வாரமாவது சேர்ந்து ட்யூட்டி பாருங்கள். போகிறீர்கள் என்பதை நீங்கள் உங்கள் ஆளாக எடுத்துக்கொண்டவரிடமும் சொல்லுங்கள், நாள்காட்டியில் காட்டி, முன்கூட்டியே. பேச மாட்டார் என்பதற்காகச் சொல்லாமல் போவது இந்தத் துறையில் சர்வசாதாரணமாக நடக்கிறது.